‘எந்த வருஷம்?’ என்று கேட்காதீர்கள்: குடும்ப நோட்டு எழுதும் முறை

எந்த வருஷம் என்று கேட்டால் எங்கள் வயதுக்காரர்கள் விழிப்போம். அப்போது நாட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள், அடுப்பில் விறகு ஈரமாக இருந்ததுவரை சொல்வோம். பாட்டி தாத்தாவிடம் கேட்டுக் குடும்பக் கதையை எழுதி வைக்க ஆசைப்படுகிற பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

எனக்கு வயது 77. பட்டுக்கோட்டைப் பக்கம், புது ஆற்றுப் பாசனத்தில் ஒரு கிராமம். வெளியூர்க்காரர்கள் கல்லணைக் கால்வாய் என்பதை நாங்கள் புது ஆறு என்போம். எங்கள் வீட்டில் யார் எப்போது பிறந்தார்கள், யாருக்கு எப்போது கல்யாணம், யார் எப்படிப் போனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே அன்றைக்கு நாட்டில் நடந்ததையும் எழுதுவேன். பேத்தி அதைப் பார்த்துவிட்டு, “அப்பாயி, இதை எப்படி எழுதுறதுன்னு சொல்லுங்க, என் மாமியார் வீட்டுக்கும் ஒண்ணு எழுதணும்” என்றாள். அவளுக்குச் சொன்னதுதான் கீழே இருப்பது.

நோட்டும் பேனாவும்

நீள சைஸ் கணக்கு நோட்டு, கெட்டி அட்டை போட்டது, ஒன்று வாங்குங்கள். சுருள் கம்பி போட்டது வேண்டாம், தாள் தாளாகக் கழன்றுவிடும். பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். ஜெல் பேனாவில் எழுதியது தண்ணீர் பட்டால் ஓடிவிடும். கஜா புயலில் ஓடு பறந்து பீரோவுக்குள் தண்ணீர் இறங்கியபோது, மருமகளின் சமையல் குறிப்பு முழுக்க நீலக் குளமாகிவிட்டது. என் நோட்டு உப்பியது, எழுத்து அப்படியே நின்றது.

இடது பக்கம் ஊருக்கு, வலது பக்கம் வீட்டுக்கு. பிள்ளையார் சுழி போட்டு, ஒரு வருஷத்துக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்கி, நிறைய வெற்றிடம் விடுங்கள். பழைய சேதி வரிசையாக வராது. 1977-ஐப் பற்றி ஒரு பெரியம்மா இன்றைக்குச் சொல்வார், அதற்கு மறுப்பு அடுத்த தை மாதம் இன்னொருவர் வாயிலிருந்து வரும்.

கேட்கிற விதம்

போனில் கேட்காதீர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, வெற்றிலை போடுகிற நேரத்தில் போய் உட்காருங்கள். கையில் ஒரு பழைய போட்டோ இருக்கட்டும். “இது யாரு?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கேள்வி மேல் கேள்வி போட்டால் கிழவிகளுக்குக் கோர்ட்டில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். செல்போனில் பதிவு செய்வதாக இருந்தால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒளித்து வைத்துப் பதிவு செய்வது எனக்குப் பிடிக்காது.

முடிந்தால் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள், அதுவும் ஓரகத்திகளாக இருந்தால் மிகவும் நல்லது. ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி ஒப்புக்கொள்ள மாட்டாள். “உனக்குத் தெரியாதுக்கா, அப்ப நீ பொறந்த வீட்டுக்குப் போயிருந்த” என்று ஆரம்பிப்பாள். ஏன் பிறந்த வீட்டுக்குப் போனாள்? சீமந்தம் முடிந்து பிரசவத்துக்குப் போனாள். எந்தப் பிள்ளை? மூன்றாவது. தேதி அகப்பட்டுவிட்டது பாருங்கள். ஆண்கள் வருஷத்தை நிலம் வாங்கியது, கேஸ் போட்டது, எலெக்‌ஷன் என்று ஞாபகம் வைப்பார்கள். பெண்களுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு வயிற்றுப் பிள்ளையோடு முடிச்சுப் போட்டிருக்கும். “இவன் இடுப்புல இருந்தான், அவ வயித்துல இருந்தா” என்று சொன்னால் அது பதிவேட்டைவிடச் சரியாக இருக்கும்.

என் பிறந்த நாளே அப்படிக் கண்டுபிடித்ததுதான். “காந்தியைச் சுட்டுட்டாங்கன்னு சேதி வந்தப்ப நீ ஆறு மாசம்” என்பார் என் அம்மா. 1948 ஜனவரி 30-ல் நான் அம்மா வயிற்றில் ஆறாம் மாதம் என்றால் சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோ பிறந்திருக்க வேண்டும். ஜாதகக் குறிப்பை எடுத்துப் பார்த்தால் சர்வதாரி வருஷம், வைகாசி. சரியாக நிற்கிறது. பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் வேறு தேதி இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முளைக்குச்சி அடிப்பது

கன்றுக்குட்டியைக் கட்ட முளைக்குச்சி அடிப்பது போல, தேதி தெரியாத வீட்டு விஷயத்தைக் கட்டுவதற்குத் தேதி தெரிந்த நாட்டு விஷயம் ஒன்று வேண்டும். ஒரு முளை போதாது, இரண்டு அடியுங்கள். “நோட்டு செல்லாதுன்னு சொன்னதுக்கு அப்புறம்” என்பது ஒரு முளை. “ஜெயலலிதா அம்மா இறக்குறதுக்கு முன்னாடி” என்பது இன்னொன்று. 2016 நவம்பர் 8 ராத்திரிக்கும் டிசம்பர் 5 ராத்திரிக்கும் நடுவில் கார்த்திகை முகூர்த்தம் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் வரும். என் பெரிய மகன் வீட்டுப் பேத்தியின் கல்யாணம் அந்த இடுக்கில்தான் நடந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களிடம் கேட்க நான் வைத்திருக்கும் முளைகள் சில. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயல். 1965 ஜனவரி இந்தி எதிர்ப்பு, அப்போது காலேஜில் படித்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். 1967 மார்ச்சில் அண்ணா முதலமைச்சரானது. 1969 பிப்ரவரி 3-ல் அவர் இறந்தது. 1975 அக்டோபர் 2-ல் காமராஜர் இறந்தது. 1984 அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி. 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி. கும்பகோணம் மகாமகம் 1992, 2004, 2016. சுனாமி 2004 டிசம்பர் 26. உங்கள் ஊருக்கு உங்கள் பட்டியல் வேறாக இருக்கும். மதுரைக்காரருக்கு வைகை, நெய்வேலிக்காரருக்குச் சுரங்கம். அணை திறந்தது, ரயில் வந்தது, பெரிய ஸ்ட்ரைக் என்று எதுவானாலும் சரி, தேதி உறுதியாகத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

இதில் ஏமாறுகிற இடங்கள் உண்டு. “எம்.ஜி.ஆர். சேதி வந்தப்ப” என்று ஒருவர் சொன்னால் அவசரப்பட்டு 1987 என்று எழுதிவிடாதீர்கள். எந்தச் சேதி? சுடப்பட்ட சேதி என்றால் 1967 ஜனவரி 12, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால். ஆஸ்பத்திரியில் சேர்த்த சேதி என்றால் 1984 அக்டோபர், ஊர் ஊராகக் கோயிலில் பிரார்த்தனை நடந்தது. இந்திரா காந்தியும் அப்படித்தான். “அந்தம்மா போனப்ப” என்று எங்கள் பெரியப்பா ஒருவர் சொன்னதைச் செத்தது என்று எடுத்துக்கொண்டிருந்தால் ஏழு வருஷம் தப்பியிருக்கும், அவர் சொன்னது 1977 எலெக்‌ஷனில் தோற்றதை.

புயல் இன்னும் மோசம். “புயலடிச்ச வருஷம்” என்று எங்கள் பக்கம் ஆளுக்கொரு புயல் வைத்திருக்கிறார்கள். ரொம்ப வயதானவர்களுக்கு 1952, என் வயதுக்கு 1977, பேரப்பிள்ளைகளுக்கு 2018. அதைப் பிரிக்க ஒரு கேள்வி போதும்: “கரண்ட் போச்சா?” வீட்டில் கரண்டே இல்லாத காலம் என்றால் பழைய புயல். வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் செல்போனை ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் காசு கொடுத்து சார்ஜ் போட்டோம் என்றால் கஜா.

பெரிய நாளைச் சொல்லும்போது எல்லோரும் தங்கள் விஷயத்தையும் கொஞ்சம் இழுத்து அதே நாளில் போட்டுவிடுவார்கள். “அன்னைக்கே புள்ள பொறந்துச்சு” என்பார்கள். அன்றைக்கே பிறந்திருக்கலாம், பத்து நாள் கழித்தும் பிறந்திருக்கலாம். “பொய் சொல்றீங்க” என்கிற மாதிரி கேட்காமல், “மருத்துவச்சி எப்படி வந்தா? பஸ் ஓடுச்சா? கடை திறந்திருந்துச்சா?” என்று கேளுங்கள். பஸ் ஓடியது, கடையில் பூண்டும் பனங்கருப்பட்டியும் வாங்கினோம் என்றால் அது வேறு நாள்.

என் மூத்தவன் விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. அண்ணா இறந்த பதினாறாம் நாள் எங்கள் ஊரில் நிறையப் பேர் மொட்டை அடித்துக் கருமாதி செய்தார்கள், பெற்ற தகப்பனுக்குச் செய்வது போல. என் மாமனாரும் ஆற்றில் முழுகிவிட்டு மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்தார். அதற்குள் இவன் பிறந்துவிட்டான். பேரனைத் தீட்டு என்று பார்க்காமல் வாசலிலேயே நின்று, “என்ன புள்ள?” என்று கேட்டார். பிப்ரவரி 3-லிருந்து பதினாறாம் நாள் எண்ணினால் 18. 1969 பிப்ரவரி 18 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

என் பெண்ணின் சடங்கும் அப்படி நின்றுவிட்டது. அவள் பெரியவளானது எம்.ஜி.ஆர். இறந்த அன்று காலையில். பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டியது என் தம்பி, தாய்மாமன். அவன் இருந்தது அறந்தாங்கியில். பஸ் இல்லை, கடை இல்லை, தந்தி அடிக்கவும் வழியில்லை. பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் போய்ச் சொல்கிறேன் என்றான், “நாடே எரியுது, நீ எங்கடா போற” என்று அவன் அம்மா விடவில்லை. கடைசியில் எங்கள் கொழுந்தனாரே ஓலை வெட்டிக் கட்டினார். தாய்மாமன் கட்டாத குடிசை என்று என் மாமியார் சாகும்வரை சொல்லிக் காட்டினார். மார்கழியில் பிறந்த பேச்சு அது, தை மாதம் மஞ்சள் நீராட்டு விழாவில் தம்பி சீர் கொண்டுவந்து இறக்கிய பிறகும் அடங்கவில்லை. இந்த மாதிரி சண்டை இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். சண்டைதான் தேதியை அழியாமல் வைத்திருக்கும்.

காகிதமும் பாத்திரமும்

வாய்ப்பேச்சை எழுதியபின் வீட்டைத் துழாவுங்கள். முதலில் பார்க்க வேண்டியது பரண். கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். என் பித்தளைக் குடத்தின் கழுத்தில் என் அப்பா பெயரும் 1967-ம் இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால்தான் எழுத்துத் தெரியும்.

அடுத்தது மொய் நோட்டு. இதைப் போல ஒரு சாட்சி வேறு எங்கும் கிடையாது. எங்கள் பக்கம், அதுவும் பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம், மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன், அதனால் யாரும் நோட்டைத் தூக்கிப் போட மாட்டார்கள். தேதி, ஊர், பெயர், தொகை எல்லாம் இருக்கும். அதில் எழுதியதைப் போலவே எழுதாததையும் படியுங்கள். கொழுந்தனார் மகன் கல்யாண மொய் நோட்டில் உள்ளூர்ப் பெயர்கள் மட்டும்தான், தஞ்சாவூர் கிடையாது, மன்னார்குடி கிடையாது. உறவு விட்டுப்போச்சோ என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். தேதியைப் பாருங்கள், 1991 மே 23. ராஜீவ் காந்தி இறந்த இரண்டாம் நாள். பந்தலில் இலை போட ஆளில்லாமல், வடித்த சோற்றைத் தெருவில் வீட்டுக்கு வீடு கொடுத்தோம்.

பேத்தியின் 2016 மொய் நோட்டில் சில பெயர்களுக்கு நேரே ‘ப’ என்று ஒரு எழுத்து இருக்கும். பழைய ஐந்நூறு என்று அர்த்தம். செல்லாத நோட்டை மொய்யாகக் கொண்டுவந்து நீட்டினார்கள், வாங்காமல் இருக்க முடியுமா? பாங்கில் போட்டுக்கொள்ளலாம் என்று வாங்கி, மொய் எழுதியவர் அடையாளம் வைத்தார். கல்யாணப் பத்திரிகையைக் காட்டினால் கணக்கிலிருந்து 2.5 லட்சம் வரை எடுக்கலாம் என்று அறிவித்தார்கள். அதற்குக் கேட்ட காகிதங்களைத் தேடி முடிப்பதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. சமையல்காரருக்கு இரண்டு தவணையாகக் கொடுத்தோம்.

மொய் நோட்டில் ஒரு குறையும் உண்டு. ஆண்கள் பெயர்தான் இருக்கும். ‘இன்னார் மகன் இன்னார்’ என்று போகும். அந்த ஐம்பத்தொரு ரூபாயை முந்தானையில் முடிந்து சேர்த்துக் கொடுத்தவள் பெயர் எதிலும் இராது. அதனால் உங்கள் நோட்டில் பிறந்தவர் பெயருக்கு நேரே அம்மா பெயர், அம்மாவைப் பெற்ற அம்மாச்சி பெயர், அவர்கள் ஊர் மூன்றையும் எழுதுங்கள். கட்டிக் கொடுத்த பெண்களை ‘திருமணமாகிச் சென்றார்’ என்று ஒரு வரியில் முடிக்கிற வழக்கம் எனக்கு எரிச்சல். போனவள் எங்கே போனாள், எத்தனை பெற்றாள், எப்படி இருந்தாள் என்பதும் நம் வீட்டுச் சேதிதான்.

பள்ளிச் சான்றிதழ் தேதியை நம்பி ஜாதகம் எழுதாதீர்கள். வலது கையைத் தலைமேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள், தொட்டால் ஒண்ணாம் வகுப்பு. பிறந்த தேதியைத் தலைமை ஆசிரியரே கணக்குப் போட்டு எழுதிக்கொள்வார். எனக்கு ஜூன் 1 என்று போட்டார். அரசாங்கக் காகிதம் எல்லாம் அதன்படியே ஓடுவதால் அதை மாற்றப் போகாதீர்கள். நோட்டில் இரண்டையும் எழுதி, எது பிறந்தது, எது பள்ளிக்கூடத்துத் தேதி என்று குறித்துவிடுங்கள். பட்டாமணியாரும் கணக்குப்பிள்ளையும் இருந்த காலத்துப் பிறப்புப் பதிவில் பெரும்பாலும் குழந்தையின் பெயரே இருக்காது, ‘ஆண் குழந்தை, தகப்பனார் இன்னார்’ என்றுதான் இருக்கும். அந்தப் பதவிகளை 1980-ல் எடுத்துவிட்டார்கள். பழைய பதிவைத் தேடுகிறவர்கள் தாத்தா பெயரைச் சொல்லித் தேட வேண்டும்.

கடிதம் இருந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், உள்ளே தேதி போடாதவர்கள் நிறைய, தபால் முத்திரைதான் கைகொடுக்கும். போட்டோவின் பின்னால் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தந்திச் சேவையையே 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள், வீட்டில் ஒரு தந்திக் காகிதம் இருந்தால் பத்திரம்.

தமிழ் வருஷம்

பழைய பத்திரிகையிலும் பத்திரத்திலும் தமிழ் வருஷப் பெயர்தான் இருக்கும். அறுபது பெயர் சுற்றி வருவதால் ஒரே பெயர் இரண்டு காலத்தைக் காட்டும். பிங்கள என்றால் 1917-ஆகவும் இருக்கலாம், 1977-ஆகவும் இருக்கலாம். குரோதி 1964-லும் வந்தது, 2024-லும் வந்தது. கிழமையும் சேர்த்து எழுதியிருந்தால் செல்போன் நாள்காட்டியில் போட்டுப் பார்த்து எது பொருந்துகிறது என்று முடிவு செய்யலாம். வருஷம் சித்திரையில் பிறப்பதையும் மறக்க வேண்டாம். தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு இங்கிலீஷ் வருஷம் ஒன்று கூடிவிடும். என் மூத்தவன் கீலக வருஷம். கீலக பிறந்தது 1968-ல், அவன் பிறந்தது 1969-ல்.

எழுதுகிற விதம்

இடது பக்கம் ஒரே வரி. நாட்டுச் சேதியை நீட்டி எழுதாதீர்கள், அது பத்திரிகையில் இருக்கிறது, லைப்ரரியில் இருக்கிறது. உங்கள் வீட்டு வாசலுக்குள் அது எப்படி நுழைந்தது என்பதை வலது பக்கம் எழுதுங்கள். அது வேறு எங்கும் கிடைக்காது. என் நோட்டிலிருந்து சிலது:

இடது: 1967, அண்ணா ஆட்சி, ஐயரில்லாத சீர்திருத்தக் கல்யாணம் செல்லும் என்று சட்டம்.
வலது: சின்னக் கொழுந்தனார் போன வருஷம் மாலை மாற்றிக் கட்டிக்கொண்டதை, கல்யாணமே இல்லை என்று பேசின பங்காளிகள் வாயடைத்தார்கள். முன்னால் நடந்ததுக்கும் சேர்த்துச் சட்டம் என்று அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். ஓரகத்தி அன்றைக்குக் கேசரி கிண்டினாள்.

இடது: 1969 ஜூலை, நிலாவில் அமெரிக்காக்காரன் இறங்கினான்.
வலது: மூத்தவனுக்கு ஐந்து மாதம், குப்புற விழுந்தான். நிலாவில் மனுஷன் நடக்கிறான் என்று ரேடியோவில் சொன்னதை மாமியார் நம்பவில்லை. “நாலாம் பிறையன்னைக்கு எங்க நிப்பான்?” என்று கேட்டார்.

இடது: 1977 நவம்பர் 12, நாகப்பட்டினம் பக்கம் புயல்.
வலது: சின்னவன் பிறந்து பத்து நாள். பள்ளிக்கூடத்துக் கட்டிடத்தில் ஊரே இருந்தோம். தாய்ப்பால் இல்லாத ஒரு குழந்தைக்கும் நானே கொடுத்தேன். யார் பிள்ளை என்பதை எழுதவில்லை, அவர்களுக்குத் தெரியும்.

இடது: 2018 நவம்பர் 16, கஜா.
வலது: தென்னை சாய்ந்தது. பேத்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ரோடெல்லாம் மரம், அவள் அப்பாவும் தெருப்பையன்களும் அரிவாளோடு முன்னால் நடந்து வழி வெட்டி டவுனுக்குக் கூட்டிப் போனார்கள். அடுத்த வாரம் கொள்ளுப்பேரன் பிறந்தான். வீட்டுக்குக் கரண்ட் வந்தபோது அவன் பயந்து அழுதான்.

இந்தப் பையன்தான் 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் டி.வி. முன்னால் உட்கார்ந்து சந்திரயான் இறங்குவதைப் பார்த்தான். திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் என்று சொன்னதும், “விழுப்புரம் நம்ம வழியில இருக்கா?” என்று கேட்டான். மெட்ராஸ் போகிற வழி என்றேன். 1969 பக்கத்தில் மாமியார் கேட்ட கேள்விக்குக் கீழே விட்டிருந்த வெற்றிடத்தில் இவன் கேள்வியை எழுதினேன். இடம் விடச் சொன்னது இதற்குத்தான்.

எழுதத் தயங்குகிறவை

இறந்து பிறந்த பிள்ளைகளையும் எழுதுங்கள். “அதெல்லாம் எதுக்கு” என்பார்கள். எனக்குப் பெண்ணுக்கும் சின்னவனுக்கும் நடுவில் ஒன்று தவறிவிட்டது. நோட்டில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. டாக்டரிடம் போகும்போது பேத்திக்கு அந்த வரி பயன்பட்டது, “உங்க வீட்டுல யாருக்காவது இப்படி ஆச்சா?” என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள். அதே காரணத்துக்காக இறந்தவர் பக்கத்தில் நோவையும் எழுதுங்கள். ‘காலமானார்’ என்பதோடு நிறுத்தாமல் சர்க்கரையா, நெஞ்சுவலியா, மஞ்சள்காமாலையா என்று எழுதுங்கள்.

நகை அடகு வைத்தது, பங்கு பிரித்தது, பேச்சு நின்றது எல்லாம் எழுதலாம். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுத வேண்டாம். உயிரோடு இருக்கிறவர் மானம் போகும் விஷயம் என்றால் விட்டுவிடுங்கள். வேறு சாதியில் கட்டிக்கொண்டு போனவளை ‘இல்லை’ என்று ஆக்குகிற நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் நோட்டில் அப்படிப் போன என் நாத்தனார் மகள் பெயரும், அவள் புருஷன் பெயரும், பிள்ளைகள் பெயரும் இருக்கின்றன. அதற்கு ஒருவர் என்னோடு ஒரு பொங்கல் முழுக்கப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

வீட்டுக்காரர் இறந்ததை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. 2020 சித்திரை. ஊரடங்கு. சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது. ஊரே திரண்டு எடுக்க வேண்டிய மனுஷர். சின்னவன் சிங்கப்பூரில், விமானம் கிடையாது, செல்போனை மூத்தவன் தூக்கிப் பிடிக்க அதில்தான் அப்பா முகத்தைப் பார்த்தான். வாய்க்கரிசி அவன் சார்பில் பேரன் போட்டான். கருமாதிக்கும் அவன் வரவில்லை. நான் எழுதாமல் விட்டதை மூத்த மருமகள் எழுதினாள், வந்த இருபது பேர் பெயரையும் வரிசையாக. உங்களால் முடியாத பக்கத்தை இப்படி இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். கையெழுத்து மாறினால் ஒன்றும் குறைந்துவிடாது.

இன்றைக்கு நடப்பதை இன்றைக்கே

பழசைத் தேடுவதிலேயே காலம் போய்விட்டால் இன்றைக்கு நடப்பதையும் நாற்பது வருஷம் கழித்து எவளாவது ஒரு பேத்தி தேடிக்கொண்டிருப்பாள். விசேஷ நாளில் படுக்கப் போகுமுன் நாலு வரி எழுதுங்கள். முக்கியமாக விலைவாசி. என் கல்யாணத்தின்போது பவுன் நூறு ரூபாய்க்குள். 2025 ஐப்பசியில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டி நின்றது. வளைகாப்புக்கு எத்தனை பவுன் போட்டோம் என்பதை எழுதும்போது பவுன் விலையையும் எழுதினால்தான், ஏன் அரைப் பவுனோடு நிறுத்தினோம் என்பது பின்னால் வருகிறவர்களுக்குப் புரியும். தேங்காய் என்ன விலைக்குப் போனது, மேட்டூர் என்றைக்குத் திறந்தார்கள் என்பதையும் நான் எழுதுவேன். ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். இடையில் பல வருஷம் தவறிவிட்டது, 2020-ல் எட்டு வருஷத்துக்குப் பிறகு சொன்ன தேதியில் திறந்தார்கள். வீட்டுக்காரர் இருந்திருந்தால் மதகுக்குப் போய் நின்றிருப்பார்.

அரசாங்கத் திட்டமும் வீட்டுச் சேதிதான். 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானபின் என் ஓரகத்தி மாதம் ஒரு தடவை என்னைப் பார்க்க வருகிறாள். முன்னால் பேரனிடம் காசு கேட்க வேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் முதல் தடவை வந்தபோது மருமகள் என்ன வாங்கினாள் என்பது நோட்டில் இருக்கிறது. என்ன என்று அவள் சொல்ல வேண்டாம் என்றாள்.

டி.வி.யில் கத்துகிற எல்லாச் சேதியையும் இடது பக்கத்தில் ஏற்றாதீர்கள். ஒரு வாரம் கழித்து எழுதுங்கள். அதற்குள் பாதி காணாமல் போயிருக்கும். வாட்ஸ்ஆப்பில் வந்ததை நாளிதழில் பார்க்காமல் எழுதக்கூடாது என்று எங்கள் வீட்டில் கட்டளை.

எழுதியதைப் பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது உரக்கப் படியுங்கள். பிழை திருத்த அதைவிட நல்ல வழி கிடையாது, மூலைக்கு மூலை ஆள் கத்துவார்கள். பேத்தி பக்கம் பக்கமாகப் படம் பிடித்துச் சிங்கப்பூருக்கும் அனுப்பிவிட்டாள், பட்டுக்கோட்டையிலும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறாள். மூல நோட்டைப் பாலிதீன் உறையில் போட்டுத் தரையில் வைக்காமல் பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை வெயிலில் காட்ட வேண்டும், வசம்புத் துண்டு ஒன்று போட்டு வைத்தால் பூச்சி அண்டாது.